நாணலை வேரோடு வழித்துவிட்டார்கள்: கரை தாங்குமா?

வெண்ணாற்றுக்கரை · மே 24, காலை 6.50

வணக்கம். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே வெண்ணாற்றங்கரையில் எங்கள் வீடு. போன வாரம் தூர்வார ஹிட்டாச்சி வந்தது. ஆற்றுக்குள் மேடு தட்டிக் கிடந்த மண்ணை அள்ளியது வரைக்கும் சரி. அதோடு நிற்காமல் கரையின் உள்சரிவில் இருந்த நாணலையும் வேரோடு வழித்துக் கரைமேல் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு நேரே மட்டும் இருநூறு அடி நீளம் இருக்கும். இப்போது பார்த்தால் மொட்டை போட்ட தலை மாதிரி இருக்கிறது கரை.

எனக்கு விவரம் தெரிந்த நாளாக அந்த நாணல் அங்கேதான் நின்றது. தாத்தா இருந்தவரை தை பிறந்ததும் அறுப்பார்கள், மாட்டுக்கொட்டகைக் கூரைக்கு. அப்புறம் கொட்டகைக்குத் தகரம் வந்தது, அறுப்பதும் நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கிடந்தது. ஐப்பசியில் பூத்தால் கரை முழுக்க வெள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஆளுக்கொன்று ஒடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

வண்டி ஓட்டிய தம்பியிடம் ஏன் இதை எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "களைதானேண்ணே" என்றார். களைதானா? ஜூன் 12 மேட்டூர் திறந்தால் இங்கே தண்ணீர் வந்துவிடும். இந்த மொட்டைக் கரை தாங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கடைமடை · மே 24, காலை 8.15

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இதைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் தெற்கே. மேட்டூர் திறந்த செய்தி டிவியில் வந்து ஒரு மாதம் கழித்துத்தான் எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரியும். அந்த வாய்க்காலில் என்ன நிற்கிறது தெரியுமா? நீங்கள் அழகு என்று சொல்கிற அதே நாணல். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே அடைப்பு.

போன வருஷம் நாற்றங்கால் காய்ந்தது. நானும் பக்கத்து வயல் பெரியப்பாவும் அரிவாளோடு இறங்கி மூன்று நாள் அறுத்தோம். கையெல்லாம் கீறல், வியர்வை பட்டால் எரிச்சல் உயிர் போகும். அறுத்த இடத்தில் பத்தே நாளில் முழங்கால் உயரம் வந்து நின்றது. விழலுக்கு இறைத்த நீர் என்று முதலில் சொன்னவன் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

ஹிட்டாச்சியை இந்தப் பக்கம் அனுப்பிவையுங்கள், டீசலுக்கு நான் காசு தருகிறேன்.


புல்பூண்டு · மே 24, காலை 10.40

கும்பகோணத்தில் தாவரவியல் சொல்லித் தருகிறவள் நான். சண்டைக்கு முன்னால் ஒரு கேள்வி: இரண்டு பேரும் ஒரே செடியைப் பற்றித்தான் பேசுகிறீர்களா?

நம் பக்கத்தில் தண்ணீரோரம் உயரமாக நின்று நுனியில் பூங்கொத்து வைத்திருப்பதெல்லாம் நாணல்தான். ஊர்ப் பேச்சில் அது தப்பில்லை. ஆனால் அதற்குள் குறைந்தது மூன்று செடிகள் இருக்கின்றன. முதலாவது அசல் நாணல், சக்காரம் ஸ்பான்டேனியம். இலை ஒடுக்கம், நடுநரம்பு வெள்ளையாகத் தடித்திருக்கும், பூ வெள்ளைப் பட்டு மாதிரி நிமிர்ந்து நிற்கும். இரண்டாவது கொறுக்கை. தட்டை மூங்கில் குச்சி மாதிரி கணுக்கணுவாக உள்ளே குழலாக இருக்கும், இலை அகலம், பூங்கொத்து பழுப்பேறித் தொங்கும். மூன்றாவது சம்பு. அது புல் வகையே கிடையாது. நுனியில் பழுப்பு நிறத்தில் மெழுகுவத்தி செருகியது போல இருக்குமே, அது. பாய் முடைகிற கோரையையும் சிலர் இதில் சேர்ப்பார்கள், அதுவும் புல் இல்லை. தண்டை உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தெரியும்.

நாணல் ஈர மணலையும் வண்டலையும் விரும்பும், ஆனால் வருஷம் முழுக்கத் தேங்கிய தண்ணீரில் நிற்காது. கொறுக்கைக்கும் சம்புவுக்கும் காலடியில் தண்ணீர் நிற்க வேண்டும். ஆகவே வாய்க்காலுக்குள் அடைத்துக்கொண்டு நிற்பது எது என்று எனக்குச் சந்தேகம். கடைமடைத் தம்பி, ஒரு தட்டையைக் குறுக்கே அறுத்துப் படம் போடுங்கள். வெண்ணாற்றுக்கரையும் குவியலிலிருந்து ஒன்று எடுத்துப் போடுங்கள்.


வெண்ணாற்றுக்கரை · மே 24, மதியம் 1.05

படம் போட்டிருக்கிறேன் அக்கா. உள்ளே பஞ்சு மாதிரி சோறு இருக்கிறது. இலை நடுவே வெள்ளைக் கோடு. ஓரத்தில் விரலை வைத்து இழுத்தேன், நல்ல வெட்டு. வேரையும் எடுத்தேன். விரல் தடிமனில் மண்ணுக்குள் படுத்தபடி ஓடுகிற தண்டு, சாண் அளவுத் துண்டில் ஆறு கணு, ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை முளை. வெயிலில் ஒரு வாரம் கிடந்தும் சாகவில்லை.


கடைமடை · மே 24, மாலை 6.30

அறுத்துப் பார்த்தேன். குழல். ஊதினால் சத்தம் வருகிறது. பக்கத்தில் மெழுகுவத்தியும் நிற்கிறது.

சரி அக்கா, கொறுக்கையும் சம்புவும்தான். எங்கள் ஊரில் எல்லாம் நாணல்தான். இப்போது பெயர் தெரிந்துவிட்டது, தண்ணீர் வந்துவிடுமா?


புல்பூண்டு · மே 24, இரவு 7.10

வராது. ஆனால் எதை எங்கே எடுக்க வேண்டும் என்பது தெரியும். உங்கள் வாய்க்காலில் நிற்பதை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். சி பிரிவு, டி பிரிவு வாய்க்கால், அதாவது ஆற்றிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகிற சின்ன வாய்க்கால் என்பது மனிதன் வெட்டியது. தண்ணீர் போவதற்கு மட்டுமே இருப்பது. அதில் என்ன முளைத்தாலும் அது தடைதான். ஆற்றுக் கரையும் படுகையும் வேறு சமாச்சாரம்.


பழைய லஸ்கர் · மே 25, காலை 5.20

பிள்ளைகளா, லஸ்கர் என்றால் ஆற்று மதகையும் கரையையும் பார்த்துக்கொள்கிற ஆள். ரெகுலேட்டர் ஷட்டரோடு முப்பது வருஷம் மாரடித்தவன் நான். கை சும்மா இருக்காமல் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரையில் நாணல் இருந்தால் நல்லது. ரொம்ப இருந்தால் கெட்டது. இதை எப்படிச் சொல்வது? வெள்ளம் வரும்போது மரம் நிமிர்ந்து நிற்கும், தண்ணீர் அதைச் சுற்றிச் சுழித்து அடிமண்ணைத் தோண்டும். ஆற்றங்கரை மரம் விழும் என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. கஜா புயலில் (2018 நவம்பர்) நாங்கள் கண்ணால் பார்த்தோமே. மரம் சாயும்போது வேரோடு ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும், கரையில் குழி விழும். நாணல் அப்படி இல்லை. தண்ணீர் ஏறினால் அது போகிற பக்கமே படுத்துக்கொள்ளும். சரிவின் மேல் பாய் விரித்தது போல ஆகிவிடும். தண்ணீர் அந்தப் பாய் மேல் ஓடும், மண்ணைத் தொடாது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் அடியில் நான்கு விரல் வண்டல் புதிதாகச் சேர்ந்திருக்கும். கரை தானே தனக்கு மண் பூசிக்கொண்ட மாதிரி.

ஆனால் ஆள் உயரத்துக்கு அடர்ந்துவிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். காரணம், எலி. எலி வளையும் நண்டு வளையும் புல்லுக்குள் இருந்தால் தெரியாது. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு நடந்தால் கரையின் வெளிப்பக்கத்தில் ஈரம் கசிகிறதா, கலங்கலாக வருகிறதா என்று பார்ப்போம். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கல் என்றால் உள்ளே மண் கரைகிறது, விடிவதற்குள் உடைப்பு. நாணல் மூடிக் கிடந்தால் அந்தக் கலங்கலைப் பார்க்கவே முடியாது.

ஆகவே நாங்கள் செய்தது இதுதான்: அறுப்போம், பிடுங்க மாட்டோம். கணுக்கால் உயரத்துக்கு அரிவாள் போட்டு அறுத்துவிட்டால் கண்ணுக்குக் கரை தெரியும், வேர் உள்ளே மண்ணைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஊர்க்காரர்களே கூரைக்கு என்று வந்து அறுத்துக்கொண்டு போவார்கள், எங்களுக்குச் செலவில்லை. உடைப்பு எடுத்துவிட்டால் சவுக்குக் கட்டை இறக்கி, தென்னங்கீற்றும் நாணல் கத்தையும் வைத்து அடைத்து, அப்புறம்தான் மணல் மூட்டை. வெறும் மூட்டையைப் போட்டால் தண்ணீர் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போகும்.

வெண்ணாற்றுக்கரைத் தம்பி, உங்கள் கரைக்கு வருகிறேன். வண்டி, வேரையும் சேர்த்து எடுத்தது தப்பு. தண்ணீர் முதலில் ஏறும்போது உள்சரிவில் வெடிப்பு விடுகிறதா என்று மட்டும் பாருங்கள். வெடிப்பு கரைக்கு நெடுக ஓடினால் உடனே சொல்லிவிடுங்கள், தாமதிக்காதீர்கள்.


கடைமடை · மே 25, காலை 7.45

லஸ்கர் ஐயா சொன்னால் சரி. ஆனால் ஒன்று விட்டுவிட்டீர்கள். ஆற்றுக்கு நடுவில் மணல் திட்டில் நாணல் பிடித்துக்கொண்டால்? எங்கள் மாமா ஊரில் அப்படித்தான் ஆனது. நடுவே திட்டு, திட்டு முழுக்க நாணல், வண்டல் சேர்ந்து சேர்ந்து திட்டு மேடாகிவிட்டது. தண்ணீர் ஒதுங்கி எதிர்க்கரையை அறுக்க ஆரம்பித்தது. தென்னை நான்கு போயிற்று.


பழைய லஸ்கர் · மே 25, காலை 8.10

உண்மை. நடுத் திட்டில் பிடித்தால் எடுத்துவிட வேண்டியதுதான். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மாதிரி குறுகின ஆற்றில் விடவே கூடாது. கொள்ளிடம் என்றால் விட்டுவிடலாம், அது கடல் மாதிரி அகலம்.


நத்தைகுத்தி · மே 25, காலை 11.25

கொள்ளிடம் என்று சொன்னதால் நுழைகிறேன். நான் பறவை பார்க்கிறவன், அணைக்கரைக்குக் கீழே மாதம் இரண்டு முறையாவது போவேன். நாணல் ஒரு ஊர். வீடு கட்டச் சாமான் கொடுக்கிறது, ஒளிய இடம் கொடுக்கிறது.

தூக்கணாங்குருவி நாணல் இலையைக் கிழிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாள் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து பார்த்தேன். ஆண் குருவி இலையின் அடிப்பக்கத்தில் ஓரமாக ஒரு கடி கடித்தது. அந்த நறுக்கின முனையை அலகில் பிடித்துக்கொண்டு மேலே பறந்தது. அவ்வளவுதான், நாடா மாதிரி ஒரு நீள இழை கிழிந்து அதனோடு போயிற்று. இலையின் மீதி அப்படியே ஆடிக்கொண்டு நின்றது. கிணற்றோர ஈச்சமரத்துக்குப் போய் முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் எத்தனை முறை என்று எண்ண ஆரம்பித்து, டீ வந்ததும் விட்டுவிட்டேன். நெல் இலை, கரும்பு இலை, பனையோலையும் எடுக்கும், ஆனால் பக்கத்தில் நாணல் இருந்தால் அங்கேதான் போகிறது.

சில்லைகள் பூவைப் பிய்த்துக்கொண்டு போய்க் கூட்டுக்குள் மெத்தை போடும். கானாங்கோழி குஞ்சுகளோடு அடியில் ஓடும். செம்போத்து உள்ளே புகுந்துவிட்டால் சத்தம் மட்டும்தான் கேட்கும். நீர்நாய் இன்னும் நம் ஆறுகளில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கரையில் புல்லும் புதரும் மூடின இடம் இருந்தால்தான் அது குட்டி போடத் தங்கும். மணலில் அதன் எச்சம் கிடக்கும், மீன் செதிலும் நண்டு ஓடுமாக மின்னும். வழித்த கரையில் அது தங்குமா?


கடைமடை · மே 25, மதியம் 12.02

நீர்நாய்க்கு ஒரு வாய்க்கால் ஒதுக்கிவிடலாம், எங்களுடையதை விட்டுவிட்டு.


கரும்புச்சக்கை · மே 25, இரவு 9.15

ஆலைக்குக் கரும்பு போடுகிறவன். கோயம்புத்தூரில் கரும்பு வேலை கொஞ்ச நாள் பழகினவன். இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் களை என்கிற இந்தப் புல் இல்லாவிட்டால் இன்றைக்கு நம் கரும்பு இல்லை.

நாணல் கரும்புக்குப் பங்காளி. அதே சக்காரம் குலம். சாறு கொஞ்சம், இனிப்பும் கொஞ்சம், ஆனால் வறட்சி, வெள்ளம், நோய் எது வந்தாலும் தாங்கும். பழைய தடித்த கரும்புக்கு இனிப்பு உண்டு, உடம்பில் தெம்பு கிடையாது. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இன விருத்தி நிலையம் வந்தது. அங்கே இருந்த ஆராய்ச்சியாளர்கள் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பையும் கோயம்புத்தூர்ப் பக்கத்து நாணலையும் சேர்த்தார்கள். பிறந்தது கோ 205 என்ற கரும்பு ரகம். 1918-இல் வெளியிட்டார்கள், வடநாட்டில் பஞ்சாப் பக்கம் பரவியது. அதற்குப் பிறகு வந்த கோ ரகங்களில் பெரும்பாலானவற்றில் இந்த நாணல் ரத்தம் ஓடுகிறது. இன்றைய கரும்பின் மரபணுவில் சுமார் 10 முதல் 20 சதவீதம் நாணலிலிருந்து வந்தது. 1930-களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அதே நிலையத்தில் உட்கார்ந்து நாணலின் குரோமோசோம்களை எண்ணினார். இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும், 40-இலிருந்து 128 வரை போகும். அதாவது வெண்ணாற்று நாணலும் இமயமலை அடிவார நாணலும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றில்லை. நாளைக்குக் கரும்புக்குப் புதிதாக நோய் வந்தால் இப்படி எங்காவது ஆற்றோரம் நிற்கிற ஒன்றில்தான் மருந்து தேடுவார்கள்.


புல்பூண்டு · மே 25, இரவு 9.50

இதைக் கேட்டதும் ஐங்குறுநூறு ஞாபகம் வருகிறது. மருதத்தில் 'வேழப் பத்து' என்று பத்துப் பாட்டு, ஓரம்போகியார் பாடியது. வேழம் என்பதற்கு நாணல் என்றும் கொறுக்கை என்றும் உரை சொல்வார்கள். அதில் ஒரு பாட்டில் கரையோரத்து வேழம் கரும்பு போலப் பூக்கிறது என்று வரும். பரத்தையிடம் போய்வருகிற தலைவனைக் குத்திக்காட்டுகிற இடம் அது. கரும்பு மாதிரி பூத்தாலும் கரும்பில்லை என்று கிண்டல். கோயம்புத்தூருக்கு ரொம்ப முன்னாலேயே நம் ஆட்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.


கப்பல்காரன் நாகை · மே 26, காலை 4.05

இப்போது கடலில் இருக்கிறேன், நெட் கிடைக்கும்போது எழுதுகிறேன். பனாமா கால்வாய் வழியாக நான்கு முறை போயிருக்கிறேன். முதல் தடவை டெக்கில் நின்று பார்த்தபோது கரை முழுக்க வெள்ளைப் பூ. "அட, நம்ம நாணல்" என்று கூடவே நின்ற தூத்துக்குடிக்காரனிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை. அப்புறம் கால்வாயில் கப்பலுக்கு வழிகாட்டப் பைலட்டாக ஏறின உள்ளூர்க்காரரிடம் கேட்டேன். அவர் முகம் சுளித்தார். காடு வெட்டின இடமெல்லாம் இந்தப் புல் பிடித்துக்கொண்டது, கோடையில் தீப்பிடிக்கிறது, தீக்குப் பிறகு மரக்கன்று சாகிறது, புல் மட்டும் மறுபடி துளிர்க்கிறது என்றார். அமெரிக்காவில் இது தீங்கான களை என்று சட்டப்படியே பட்டியலில் இருக்கிறது.

அங்கே அது வந்தேறி. நம் ஊரில் சீமைக்கருவை எப்படியோ அப்படி. இங்கே பிறந்து வளர்ந்தது வேறு, ஆனால் முரட்டுத்தனம் அதே முரட்டுத்தனம்தான் என்று தோன்றியது.


கடைமடை · மே 26, காலை 7.00

பாருங்கள், பனாமாக்காரனும் என் கட்சி.


கரும்புச்சக்கை · மே 26, காலை 7.40

பனாமா வரைக்கும் போக வேண்டாம். மத்தியப் பிரதேசத்துக் கரிசலில் இது வயலுக்குள் புகுந்து நிலத்தையே தரிசாக்கியது, அங்கே 'காண்ஸ்' என்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அதை உழுது எடுக்க டிராக்டர் வாங்கவே 1949-இல் இந்தியா உலக வங்கியிடம் 1 கோடி டாலர் கடன் வாங்கியது. மேலோட்டமாக உழுதால் துண்டு துண்டாகி ஒன்று பத்தாகும். அதனால் ஆழமாக உழுது வேர்த்தண்டை வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள். நாணலைப் புகழ்ந்துதான் ஆரம்பித்தேன், ஆனால் இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கடைமடைத் தம்பியின் வாய்க்காலில் நிற்பது கொறுக்கையானாலும் வேலை ஒன்றுதான்: கைக்கு எட்டின மட்டும் அறுத்தால் தீராது, தண்டோடு போக வேண்டும்.


வெட்டிவேர் வாசம் · மே 26, காலை 10.30

கரைக்கு வெட்டிவேர் நடலாமே? பத்தடி வரை நேராகக் கீழே இறங்கும் வேர், பக்கவாட்டில் பரவாது. கடலூர்ப் பக்கம் மணலில் பயிராகவே வைக்கிறார்கள். தென்னாட்டு வகை விதை போட்டுப் பரவுவதும் இல்லை, தூரைப் பிரித்து நட்டால்தான் உண்டு. களையாகும் பயமே கிடையாது.


பழைய லஸ்கர் · மே 26, காலை 11.15

நல்ல யோசனைதான். ஆனால் வேருக்கு விலை உண்டல்லவா, ராத்திரியோடு ராத்திரி தோண்டிக்கொண்டு போய்விடுவார்கள். கரையில் வேர் பறித்த குழியைப் பார்த்தவன் சொல்கிறேன். நாணலை யாரும் திருட மாட்டார்கள், அதுதான் அதன் முதல் தகுதி.


உம்பளாச்சேரி · மே 26, மாலை 4.00

மாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. முற்றின நாணலை மாடு சீந்தாது, வாயைக் கிழிக்கும். அறுத்த பிறகு வருகிற இளந்தளிரை ஆசையாகத் தின்னும். படுகையில் கிடை போட்ட காலத்தில் சித்திரையில் நாணலைக் கொளுத்திவிட்டுத் துளிரில் மேய விடுவார்கள். இப்போது படுகையெல்லாம் வாழை, கிடையும் போயிற்று. கோடியக்கரையிலும் இதே கதை. வெளிமான் மேய்கிற புல்வெளியைச் சீமைக்கருவை தின்றுகொண்டே வருகிறது. சரணாலயம் 1967-இல் அறிவித்ததே அந்த மானுக்காகத்தான், மானுக்கு வேண்டியது புல்…


ஒழுங்குபடுத்துநர் · மே 26, மாலை 4.20

கோடியக்கரைக்குத் தனி இழை தொடங்குங்கள், நல்ல விஷயம். இங்கே நாணல் மட்டும்.


புல்பூண்டு · மே 26, இரவு 8.30

வெண்ணாற்றுக்கரை, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கரை தாங்குமா என்பதை லஸ்கர் ஐயா சொல்லிவிட்டார். நான் கவலைப்படுவது அதற்கு அடுத்தது. வெறும் மண் வெறும் மண்ணாக இருக்காது. நாணல் விதை பஞ்சோடு பறந்து வந்து ஈர மணலில் விழுந்தால் முளைக்கும். வெள்ளம் புதிதாக மணல் கொட்டின இடத்தில் முதலில் குடியேறுவது அதுதான், அதன் நிழலிலும் வண்டலிலும்தான் மற்றது வரும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கரைக்கு நெய்வேலிக் காட்டாமணக்கு வந்துவிடும். தண்டு ஒடிந்து ஒரு துண்டு தண்ணீரில் மிதந்து வந்து சேற்றில் ஒட்டினால் போதும். தென்னமெரிக்கச் செடி, ஆடு மாடு தின்றால் விஷம், நாணல் மாதிரி வளையவும் செய்யாது, தண்ணீரில் கிளை பரப்பி ஆகாயத்தாமரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் கடைமடைக்கு ஒரு சொட்டு போகாது.

குவியலில் கிடக்கிற நாணல் வேர்த்தண்டை எறியாதீர்கள். இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக நறுக்கி, சரிவில் மேலிருந்து பாதி உயரம் வரை, முழத்துக்கு ஒன்றாகப் புதைத்துவிடுங்கள். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே வேண்டாம்.


வெண்ணாற்றுக்கரை · மே 27, காலை 6.15

சரி அக்கா. ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறேன்.


வெண்ணாற்றுக்கரை · ஆகஸ்ட் 19, மாலை 5.40

பழைய இழையைத் தூசு தட்டுகிறேன். ஆற்றில் கரைக்கு நான்கடி குறைவாகத் தண்ணீர் போகிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டிக்காரத் தம்பி அன்றைக்குப் படித்துறைக்குப் பக்கத்தில் மின்கம்பத்தின் இழுகம்பி இருந்ததால் ஒரு பதினைந்தடி மட்டும் தொடாமல் விட்டிருந்தார். அந்தப் பதினைந்தடியில் நாணல் படுத்துக் கிடக்கிறது, ஐயா சொன்ன பாய் மாதிரியே. மேலே தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகிறது. கையை விட்டுப் பார்த்தேன், தண்டுகளுக்கு இடையே தண்ணீர் அசையவே இல்லை. அதற்குக் கிழக்கே, நாங்கள் இன்னும் நடாத இடத்தில், இரண்டு ஆள் நீளத்துக்குச் சரிவு வழுக்கி ஆற்றுக்குள் போய்விட்டது. நெடுக வெடிப்பு முதலில் வந்தது, ஐயாவின் வார்த்தை ஞாபகம் வந்து உடனே சொல்லிவிட்டோம். மூட்டை அடுக்கினார்கள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், மொட்டையாக இருந்த மீதிக் கரை நூற்றைம்பது அடிக்கும் கூடுதல், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே மண் களி கொஞ்சம் கூடுதல், அதனாலா என்று தெரியவில்லை.

நட்ட துண்டுகளில் பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டன. காட்டாமணக்கும் வந்தது, அக்கா சொன்ன மாதிரியே சீக்கிரமாக. வாரம் ஒருமுறை போய்ப் பிடுங்குகிறேன்.


பழைய லஸ்கர் · ஆகஸ்ட் 19, இரவு 7.00

களிமண் தாங்கும். மணல் கலந்த இடம்தான் வழுக்கும், அங்கேதான் வேர் வேண்டும். சேதம் அதிகமில்லையே, சந்தோஷம்.


கடைமடை · ஆகஸ்ட் 20, காலை 6.10

இந்த வருஷம் எங்கள் டி வாய்க்காலில் ஊர்க்காரர்கள் பதினேழு பேர் சேர்ந்து சிறிய வண்டி ஒன்று வாடகைக்குப் பிடித்துக் கொறுக்கையைத் தண்டோடு எடுத்தோம். ஆற்றங்கரைப் பக்கம் போகாதே என்று வண்டிக்காரனிடம் நானே சொன்னேன் என்றால் நம்புவீர்களா? தண்ணீர் போன வருஷத்தைவிட ஒன்பது நாள் முன்னால் வந்தது. சம்பாவுக்கு விதை விட்டாயிற்று.


நத்தைகுத்தி · அக்டோபர் 28, காலை 9.00

கொள்ளிடத்தில் பூத்துவிட்டது. வெண்ணாற்றில் எப்படி?


வெண்ணாற்றுக்கரை · அக்டோபர் 28, மாலை 6.25

அந்தப் பதினைந்தடியில் மட்டும் பூ. நட்டது இடுப்பு உயரம்தான், இந்த வருஷம் பூக்காது போலிருக்கிறது. பக்கத்துத் தெருவுப் பிள்ளைகள் நான்கு பேர் வந்து இருந்த பூவிலும் பாதியை ஒடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் கணுக்கால் உயரத்துக்கு அறுக்கப் போகிறேன், எலி வளை பார்க்கவும் வசதி. ஆனால் கொட்டகைக்கு மேலே தகரம் இருக்கிறது. கத்தை என்ன, ஒரு இருபது இருபத்தைந்து தேறும். யாருக்காவது வேண்டுமா?


கடைமடை · அக்டோபர் 28, இரவு 8.40

அண்ணே, எனக்கு எடுத்து வையுங்கள். ஆட்டுப்பட்டிக் கூரை ஒழுகுகிறது. வண்டி வாடகை என்னுடையது.